பெலிமல் வேகும் நேரம்

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று இருபதுக்கு என் மகளின் உடம்புச் சூடு முப்பத்தெட்டு புள்ளி நான்கு.

நேரம் சரியாகத் தெரியும். அக்குளிலிருந்து வெப்பமானியை எடுத்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கொப்பியில் எழுதினேன். கிளினிக்கில் தந்த அட்டையைச் சமையலறைக் கதவில் ஒட்டியிருந்தோம். முப்பத்தெட்டைத் தாண்டினால் காத்திருக்க வேண்டாம், உடனே வாருங்கள் என்று அதில் சிவப்பு மையில் எழுதியிருந்தது.

நான் காத்திருந்தேன். நாற்பது நிமிடம். அவள் மூன்று போர்வை போர்த்திப் படுத்திருந்ததால் அப்படிக் காட்டுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போர்வையை விலக்கி, ஜன்னலைத் திறந்து, மறுபடி வைத்துப் பார்த்தேன். முப்பத்தெட்டு புள்ளி ஏழு.

இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இதை வாசிக்கிறவர்களில் ஒருவர் இப்போது அப்படியொரு அட்டைக்கு முன்னால் வெப்பமானியோடு நின்றுகொண்டிருக்கலாம். வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள்.

மகளின் பெயர் சிந்துஜா. சிந்து என்போம். வயது பதினான்கு. இலங்கை மலையகத்தில், கொட்டகலைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் குடியிருக்கிறோம். நான் அங்கே ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) உதவி டீமேக்கர். பத்தொன்பது வருடமாகக் கொழுந்தை வாட்டி, அரைத்து, காயவைத்து, சுவைத்துப் பார்க்கும் வேலை. நான் செய்த தவறு இந்த வேலையிலிருந்து வந்தது என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நோய் தெரிந்தது அதற்கு ஏழு மாதம் முன்பு. முதலில் முழங்காலுக்குக் கீழே நீலத் திட்டுகள். நெட்போல் ஆடியதில் பட்டிருக்கும் என்று என் மனைவி ராஜி சொன்னாள். பிறகு பல் துலக்கும்போது ரத்தம். பாடசாலை விட்டு வரும்போது படிக்கட்டில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்து வருவதாக அவளுடைய தோழிதான் வந்து சொன்னாள். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த தனியார் டொக்டர் எங்களிடம் பணம் வாங்கவில்லை. சின்ன விஷயமில்லை என்று அப்போதே தெரிந்தது.

கண்டியில் எலும்புக்குள் ஊசி போட்டுப் பார்த்துவிட்டு லுகேமியா (எலும்பு மஜ்ஜையில் தொடங்கும் ரத்தப் புற்றுநோய்) என்றார்கள். பிள்ளைகளுக்கு வரும் இந்த வகை பெரும்பாலும் குணமாகும் என்றும் சொன்னார்கள். நான் முதல் வாக்கியத்தை மட்டும் கேட்டேன். இரண்டாவதை ராஜி கேட்டு வைத்துக்கொண்டாள்.

கீமோதெரபி (புற்று அணுக்களை மருந்தால் அழிக்கும் சிகிச்சை) தொடங்கிய இரண்டாம் மாதம் சிந்துவுக்கு முடி போனது. அதற்கு அவள் அழவில்லை. நாக்கில் ருசி போனதற்குத்தான் அழுதாள்.

"எல்லாமே கம்பிய நக்குற மாதிரி இருக்குப்பா. சோறும் கம்பி, தண்ணியும் கம்பி."

வாயெல்லாம் புண். மியூகோசைட்டிஸ் (வாயும் தொண்டையும் குடலும் உள்ளே உரிந்து புண்ணாவது) என்று மருத்துவக் குறிப்பில் எழுதியிருந்தார்கள். ராஜி கஞ்சியை ஆறவைத்து, வடிகட்டி, கரண்டியால் ஊட்டுவாள். நான்கு கரண்டிக்குப் பிறகு சிந்து கையை உயர்த்திவிடுவாள். பாடசாலைச் சட்டை தோளில் நிற்காமல் சரிந்தது.

அந்த நாட்களில்தான் சோமா அக்காவைச் சந்தித்தோம். பிபிலைப் பக்கத்துச் சிங்களப் பெண். பக்கத்துக் கட்டிலில் இருந்த நெத்மி அவருடைய மகள். அவளுக்குப் பன்னிரண்டு வயது, இதே நோய். பெற்றோர் தங்கும் விடுதியின் பொதுச் சமையலறையில் சோமா அக்கா ஒரு துணிப்பையைப் பிரித்துக் காய்ந்த பூக்களைச் சட்டியில் போடுவார். பெலிமல். நம் வில்வமரத்தின் பூ. இலையைக் கோயிலில் பார்த்திருக்கிறேன். பூவைக் குடிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. மரத்தடியில் துணி விரித்து, உதிர்கிற பூவைப் பொறுக்கி, நிழலில் காயவைப்பார்களாம்.

அடுப்பில் ஏறிய சட்டி இறங்கவே இறங்காது. தொழில் புத்தி எனக்கு. சும்மா இருக்க முடியவில்லை.

"அக்கா, போதும் இறக்குங்க. இவ்ளோ நேரம் வெந்தா வாசன எல்லாம் கூரையிலதான் இருக்கும்" என்றேன்.

"மல்லி, இது தே இல்ல" என்றார் அவர். தம்பியைச் சிங்களத்தில் மல்லி என்பார்கள், டீயைத் தே என்பார்கள். "இது மல். பூ. நல்லா வேகணும். தண்ணி பாதி ஆகணும்."

"பாதி ஆனா கசாயம்."

"கசாயம்தான். உனக்கு யாரு தே தாறேன்னு சொன்னது?"

சமையலறையில் இருந்த தாய்மார்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பொன்னிறத் தண்ணீரில் கித்துள் (கூந்தற்பனை) கருப்பட்டி ஒரு துண்டைப் போட்டுச் சிந்துவுக்கும் தந்தார். சிந்து குடித்துவிட்டு, தொண்டைக்கு இதமாக இருக்கிறது, ஆனால் சூடு மட்டும்தான் தெரிகிறது என்றாள்.

அந்தச் சுற்று மருந்து முடிந்து வீட்டுக்கு வரும்போது சோமா அக்கா ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். டொக்டரிடம் நான் கேட்கவில்லை. பூதானே என்று நினைத்தேன். மருந்து என்றால் கேட்டிருப்பேன்.

தேயிலையைச் சுவை பார்க்க ஒரு முறை இருக்கிறது. மூடியுள்ள சின்ன வெள்ளைப் பீங்கான் கோப்பையில் அளந்து போட்டு, அப்போதுதான் கொதித்த நீரை ஊற்றி, மூடி, நேரம் பார்த்து வடிக்க வேண்டும். தேயிலையைக் கொதிக்கவிட்டால் எங்கள் தொழிலில் அது குற்றம். விளிம்பு உடைந்ததால் ஸ்டோரில் ஒதுக்கிய கோப்பை ஒன்று வீட்டில் இருந்தது. அதில் பெலிமல்லைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, ஐந்து நிமிடம் கடிகாரம் பார்த்தேன்.

"ஏங்க, அந்த அக்கா வேக வைக்கச் சொன்னாங்கல்ல?" என்றாள் ராஜி.

"பத்தொம்பது வருஷமா இதத்தானே செய்றேன். எனக்கே பாடம் எடுக்குறியா?"

"நீங்க டீமேக்கர்தாங்க. பூமேக்கர் இல்ல."

சிந்து ஒரு மிடறு குடித்தாள். அவள் முகம் மாறியதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"அப்பா! வாசன வருது!"

"என்ன வாசனம்மா?"

"தெரியல. தேன் மாதிரி. மழ விட்ட பொறகு கோயில் பின்னால வருமே, அந்த மாதிரி. இன்னும் ஊத்துங்க."

நான் ராஜியைப் பார்த்தேன். அந்தப் பார்வை எப்படி இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் கூசுகிறது. வேகவைத்திருந்தால் அந்த வாசனை அவளுக்குக் கிடைத்திருக்காது. அதுவும் உண்மைதான். பன்னிரண்டு நாள், ஒரு நாளைக்கு மூன்று கோப்பை. அதைக் குடித்த தெம்பில் கஞ்சி எட்டுக் கரண்டி ஆனது, பிறகு அரைக் கிண்ணம். என் பிள்ளையை நான் மீட்டுக்கொண்டு வருகிறேன் என்று நம்பினேன்.

பதின்மூன்றாம் நாள் அந்த வியாழக்கிழமை.

கிளினிக்குக்கு போன் செய்ததும், முதலில் பக்கத்து ஆஸ்பத்திரியில் கிருமிக்கான முதல் ஊசியைப் போட்டுவிட்டு வரச் சொன்னார்கள். போட்டுக்கொண்டு வேனில் ஹட்டன் வழியாக இறங்கினோம். கினிகத்தேனை வளைவுகளில் ராஜி சிந்துவின் தலையை மடியில் வைத்து, ஒவ்வொரு திருப்பத்துக்கும் கையால் அணை கொடுத்தாள். கண்டியில் இறங்கியபோது சிந்துவால் நிற்க முடியவில்லை.

வார்டில் இளம் டொக்டர் ஒருவர் படிவத்தோடு வந்தார். இரண்டு வாரமாக என்ன சாப்பிட்டாள், வெளிச்சாப்பாடு, பச்சைக் காய், நாட்டு மருந்து ஏதாவது உண்டா என்று கேட்டார். நான் கஞ்சி என்றேன். அவித்த முட்டை, உருளைக்கிழங்கு, கொதித்தாறிய தண்ணீர் என்றேன். எல்லாம் சொன்னேன். பெலிமல்லைச் சொல்லவில்லை.

மறந்துபோய் விடவில்லை. வாய் வரை வந்தது. இவ்வளவு படித்தவர் பூவை ஊறவைத்துக் கொடுத்தீர்களா என்று கேட்டுவிடுவாரோ என்ற வெட்கம். அதற்குக் கீழே வேறொரு பயம். சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் போல இருந்தது. ராஜி என்னைப் பார்த்தாள். நான் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை காய்ச்சல் முப்பத்தொன்பதரை. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. நியூட்ரோபில் (கிருமியோடு போராடும் வெள்ளை அணு) ஏறக்குறைய இல்லவே இல்லை என்றார்கள். தனியறைக்கு மாற்றினார்கள். செப்சிஸ் (கிருமி ரத்தத்தில் பரவி உடம்பின் உறுப்புகளைத் தாக்கும் நிலை) என்ற சொல்லை அன்றுதான் முதலில் கேட்டேன். நாங்கள் முகக்கவசமும் நீல மேலங்கியும் போட்டு உள்ளே போனோம். சிந்து கண்ணைத் திறந்தாள். உதடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா, பூத்தண்ணி கொண்டாந்தீங்களா?"

ராஜி என் மேலங்கிக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"போய்ச் சொல்லிருங்க."

"ராஜி..."

"திட்டுனா வாங்கிக்குவோம். திட்டு வாங்கி யாரும் சாகல. போங்க."

பெரிய டொக்டர் நடைவழியில் குறிப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐம்பது வயதிருக்கும், சன்னமான குரல் கொண்ட பெண்மணி. நாங்கள் சிங்களத்தில் பேசினோம், இங்கே தமிழில் எழுதுகிறேன். பன்னிரண்டு நாள், மூன்று கோப்பை, கொதிக்க வைக்கவில்லை, நேற்றுக் கேட்டபோது மறைத்தேன் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் பேனாவை மூடினார்.

"காய்ந்த பூவில் கிருமியும் பூஞ்சணமும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். நீங்களும் நானும் குடித்தால் ஒன்றும் ஆகாது. அவளிடம் தடுக்க ஆள் இல்லை. மேலே சுடுநீர் ஊற்றினால் போதாது. கோப்பையில் விழுந்ததுமே தண்ணீர் ஆறத் தொடங்கிவிடும்."

"அப்படியென்றால் இது நான் செய்ததா, டொக்டர்?"

"தெரியாது. வாயில் புண் இருக்கிறது, குடலில் புண் இருக்கிறது, ஊசிக் குழாய் இருக்கிறது. எங்கிருந்தும் வந்திருக்கலாம். கடைசிவரை தெரியாமலே போகலாம்." பிறகு சொன்னார்: "ஆனால் இதை வைத்து நான் மருந்தை மாற்றுவேன். பூஞ்சணத்துக்கும் ஒன்று இப்போதே தொடங்குவோம். நேற்றே சொல்லியிருந்தால் நேற்றே தொடங்கியிருப்பேன்."

திட்டவில்லை. கடைசி வாக்கியத்தையும் முந்தின வாக்கியங்களின் குரலிலேயே சொன்னார். அது இன்னும் எனக்குள் கேட்கிறது.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நாட்களாக என்னால் நினைவுகூர முடியவில்லை. சொட்டு மருந்துப் பை தீர்வதும் மாற்றுவதுமாக ஞாபகம் இருக்கிறது. மணிக்கட்டில் கட்டியிருந்த கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிட்டேன், இன்றுவரை அது அங்கேதான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலையில் மிஸ் (தாதியரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) வெளியே வந்து, முகக்கவசத்துக்கு மேலே கண்ணால் சிரித்து, "முப்பத்தேழு" என்றார். ராஜி சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். மேலும் ஆறு நாள் கழித்து வெள்ளை அணுக்கள் ஏறத் தொடங்கின.

பிளட் கல்ச்சரில் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) ஒரு கிருமி தெரிந்தது. அது பூவிலும் இருக்கக்கூடியது, மனிதக் குடலிலும் இருக்கக்கூடியது என்றார் டொக்டர். அவ்வளவுதான். அதற்கு மேல் யாராலும் சொல்ல முடியாது.

சிந்துவிடம் நானே சொன்னேன். கட்டிலில் சாய்ந்து உட்காரும் அளவுக்குத் தேறியிருந்தாள்.

"அந்தப் பூத்தண்ணிய நான் வேக வைக்கலம்மா. அதனாலயும் இப்படி ஆகியிருக்கலாம்."



"அப்ப இனிமே அது கெடைக்காதா?"

"அவ்ளோதான் கேக்குறியா?"

"வேற என்னத்தக் கேக்க? நீங்க ஏற்கனவே அழுவுறீங்க."

வீட்டுக்கு வந்ததும் ராஜி மிச்சப் பொட்டலத்தை அடுப்பில் போட்டாள். வீடு முழுக்கத் தேன் வாசனை வந்தது. சிந்து அறையிலிருந்து, "அம்மா, என்ன எரியுது?" என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரி நடைவழியில் பல தாய்மார்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், அப்படியென்றால் பூவே கூடாதா என்று. நான் வைத்தியன் இல்லை. எங்கள் டொக்டர் எங்களுக்குச் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் வேண்டவே வேண்டாம். ஏறிய பிறகு, அவரிடம் கேட்டுவிட்டு, குமிழி விட்டு நெடுநேரம் கொதித்ததை மட்டும் கொடுக்கலாம். சில பூக்கள் மருந்தோடு சண்டை போடும். ஆவாரம்பூவை நான் கேட்டபோது வேண்டாம் என்றுவிட்டார்.

ராஜியின் வேப்பம்பூ ரசத்துக்கு, வீட்டுக்கு வந்த இரண்டாம் மாதம் அனுமதி கிடைத்தது. காய்ந்த வேப்பம்பூவை அவள் நெய்யில் கருகும் தறுவாய் வரை வறுத்து, புளித்தண்ணீரில் போட்டுத் தளதளவென்று கொதிக்கவிடுவாள். கசப்புத்தான் சிந்துவுக்கு முதலில் திரும்பி வந்த ருசி. "கசக்குதும்மா" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு இரண்டு தரம் வாங்கினாள். தோட்டத்துச் செம்பருத்தியை மட்டும் நாங்கள் தொடுவதில்லை. அது தேயிலை மலை ஓரத்தில் நிற்கிறது. புல்லுக்கு மருந்து அடிக்கும்போது அதன் மேலும் படும் என்பது ஸ்டோர்க்காரனாக எனக்குத் தெரியும். தெரிந்த விஷயங்களில் நான் சரியாகத்தான் இருந்தேன். அந்தத் தெரிதலை வேறொரு பொருளின் மேல் தூக்கி வைத்ததுதான் பிழை.

என் உடம்பும் மாறிவிட்டது. ஸ்டோரில் சுவை பார்க்கும் அறையில் ஐந்து நிமிட மணி அடித்தால் உள்ளங்கை வியர்க்கிறது. மூடியைத் திறக்கும் முன் ஒரு கணம் நின்றுவிடுகிறேன். வேறு யாரும் அதைக் கவனித்ததில்லை. வீட்டில் சிந்துவுக்கு டீகூட நான் ஊற்றுவதில்லை. அவள் கேட்டால் ராஜியைக் கூப்பிடுவேன். முன்பெல்லாம் கைகளைப் பற்றி நான் யோசித்ததே கிடையாது. இப்போது அவை என்ன செய்கின்றன என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

சிந்து மாத்திரையோடு வீட்டில் இருக்கும் கட்டத்துக்கு வந்துவிட்டாள். தலையில் குட்டையாக, சுருளாக முடி வந்திருக்கிறது. நோய்க்கு முன் அது நேரான முடி. கடந்த கிளினிக்கில் அவளே டொக்டரிடம் பெலிமல் கேட்டாள். வேகவைத்தால் குடிக்கலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். அதற்குப் பிறகு மூன்று வாரம், கடையில் கிடைக்கவில்லை என்று சிந்துவிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சோமா அக்காவிடம் நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. அவர் கொடுத்த பூ. என் பிழையில் அவர் மனம் நோகும் என்று போனைக்கூட எடுக்காமல் இருந்தேன். ராஜி எனக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

போன சனிக்கிழமை காலை, முந்தின நாள் நெத்மியைக் கண்டி கிளினிக்கில் காட்டிவிட்டு, இருவரும் ரயிலேறிக் கொட்டகலையில் வந்து இறங்கினார்கள். பனிமூட்டத்துக்குள் ஆட்டோவிலிருந்து முதலில் நெத்மி இறங்கினாள். பச்சைக் கம்பளித் தொப்பி. சிந்து வாசலுக்கு ஓடினாள். இருவரும் தொப்பியைக் கழற்றி யாருக்கு முடி அதிகம் என்று தடவிப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு இடையில் சிங்களமும் தமிழும் பாதிப்பாதி.

சோமா அக்கா கையில் அதே துணிப்பை. என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. நேரே சமையலறைக்குப் போய், சட்டியைத் தேடி எடுத்து, தண்ணீர் பிடித்து, என் கையில் கொடுத்தார்.

"நீங்களே வைங்கக்கா" என்றேன். "எனக்குக் கை வராது."

"நீதான் வைக்கணும். என் கையால வச்சதுல சூடு மட்டும்தான் தெரியுதுன்னு உன் மக சொன்னா. மறந்துட்டேன்னு நெனச்சியா?"

அடுப்பைப் பற்றவைத்தேன். பூவைப் போட்டேன். தண்ணீர் மெல்லச் சத்தம் போட ஆரம்பித்தது. என் கை தானாகச் சட்டைப்பைக்குள் போய்க் கடிகாரத்தைத் தேடியது. சோமா அக்கா அதைக் கண்டுவிட்டு, என் பக்கத்தில் வந்து, அடுப்பைப் பார்த்தபடி நின்றார்.

"வோச் வேணாம் மல்லி. தண்ணியப் பாரு. பாதி ஆகுற வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்."